நான்கு மடங்கு வேகம்

1

புலம்பெயர்ந்தவர்கள் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் விமான நிலையத்தில் தொடங்கும். நான் புலம்பெயர்ந்தது ஆரணி பஸ் நிலையத்திலிருந்து. வேலூரில் ஒரு பஸ் மாறினேன். ஓசூர் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறியது. யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை, பனி பெய்யவில்லை. இறங்கின இடத்தில் சூடாக இட்லிதான் கிடைத்தது. ஆனாலும் பன்னிரண்டு வருடமாக, பொங்கலுக்கு ஆரணி போனால் "பெங்களூர்க்காரர் வந்துட்டாரு" என்கிறார்கள். இங்கே திரும்பினால் "தமிழ்நாட்டுலேர்ந்து வந்தவர்" என்கிறார்கள். இரண்டு இடத்திலும் வந்தவனாகவே இருப்பதால், கனடாவிலிருந்தும் நார்வேயிலிருந்தும் எழுதுகிறவர்களுக்கு நடுவே எனக்கும் கொஞ்சம் இடம் கேட்கிறேன்.

இதை எழுத வைத்தது ஒரு சான்றிதழ். பன்னிரண்டு வருட சேவைக்காகவும் ஒரு சமீபத்திய சாதனைக்காகவும் சில வாரங்களுக்கு முன் ஒருநாள் அலுவலகத்தில் கேக் வெட்டி, சட்டம் போட்ட ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். அதில் "திரு. முனுசாமி" என்று இருந்தது. முனுசாமி என் அப்பா. நான் மு. சேகர். இந்த ஊருக்கு வந்த முதல் வருடம், முகவரிச் சான்று வாங்கப் போன இடத்தில் படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது, முதல் பெயர் ஒன்று, கடைசிப் பெயர் ஒன்று. இன்ஷியல் என்றால் என்னவென்று அந்த குமாஸ்தாவுக்கு விளங்கவைக்க என் அன்றைய கன்னடம் போதவில்லை. விரித்து எழுதுங்கள் என்றார், எழுதினேன். அன்றிலிருந்து வங்கியிலும் காஸ் புத்தகத்திலும் மகளின் பள்ளிக்கூடத்திலும் அப்பாதான் குடியிருக்கிறார்.

ஆரணி டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. டேட்டாபேஸின் வேகத்தை நான்கு மடங்காக்கியதற்காக அவருக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் போய் வாங்கிக்கொண்டேன்.

2

என் வேலை என்ன என்று ஊரில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு ஆஸ்பத்திரியோ கடையோ கம்ப்யூட்டரில் எதையாவது பதிந்தால், அதை டிஸ்க்கில் ஒழுங்காக எழுதிவைத்து, கேட்கும்போது தேடி எடுத்துத் தரும் பகுதி ஒன்று அடியில் இருக்கிறது. ஸ்டோரேஜ் எஞ்சின் என்பார்கள். நன்றாக வேலை செய்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. எங்களுடையது சின்ன கம்பெனி. பழைய எஞ்சினுக்குப் பதிலாகப் புதியது ஒன்றை இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தோம். அதில் பாதிக்கு மேல் என் கை.

எழுதினால் மட்டும் போதாது, பழையதைவிட எவ்வளவு வேகம் என்று காட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே வேலையைக் கொடுத்து நேரம் பார்ப்பதற்குப் பெயர் பெஞ்ச்மார்க். அந்த வேலையையும் எங்கள் மேனேஜர் பிரகாஷ் எனக்கே கொடுத்தார். பரீட்சை எழுதியவனிடமே விடைத்தாளைக் கொடுத்துத் திருத்தச் சொன்ன மாதிரி. அப்போது எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. என்னைவிட அந்த எஞ்சினைத் தெரிந்தவன் யார்?

முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது, தேடி எடுப்பதில் புதியது பழையதைவிடக் கொஞ்சம் பின்தங்கியது. எங்கோ தப்பு என்று முடிவு செய்து இரண்டு வாரம் தேடினேன். டிஸ்க்கைவிட மெமரி பல மடங்கு வேகம் என்பதால் புதியதற்கு மெமரியில் தாராளமாக இடம் ஒதுக்கினேன். பழையதை வந்தபடியே விட்டுவைத்தேன். சோதனை டீ நேரத்தையும் தாண்டி ஓடுகிறது என்று தரவைக் குறைத்தேன். முதல் சுற்று மட்டும் எப்போதும் மெதுவாக வந்தது. எஞ்சின் சூடேறும் நேரம் அது என்று சொல்லி அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றையும் செய்யும்போது ஒரு காரணம் கையில் இருந்தது. ஒரு புதன்கிழமை மத்தியானம், நான்கு மடங்கு என்று வந்தது. அந்த நிமிடமே தேடுவதை நிறுத்திவிட்டேன். பின்தங்கியபோது இரண்டு வாரம் சந்தேகப்பட்டவன், முந்தியபோது இரண்டு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை.

பிரகாஷ் அந்த எண்ணை ஸ்லைடு முழுக்க வரும்படி போட்டார். மாவட்டந்தோறும் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினார். அவர்களுக்கு ஒரே ஒரு தலைவலி இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் வருவார். மூன்று வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட் வேண்டும் என்பார் டாக்டர். அது திரைக்கு வருவதற்குள் வெளியே வரிசை நீண்டுவிடும். எங்கள் எண்ணைப் பார்த்ததும் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை சந்திப்பு என்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் கேக்.

3

என் மகள் இனியாவுக்குப் பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்தவள். லிங்கராஜபுரத்தில் நாங்கள் இருக்கும் தெருவில் அவள் கீழ் வீட்டோடு கன்னடத்தில் பேசுவாள், எதிர்வீட்டோடு தக்னி உருதுவில் சண்டை போடுவாள், எங்களோடு தமிழில் அலுத்துக்கொள்வாள். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழுக்கு மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியும் நானும்.

ஆரணியில் வாங்கிவந்த ஒரு வாசிப்புப் புத்தகத்தில் அணிலும் கொய்யாப்பழமும் என்று ஒரு பாடம் உண்டு. வாராவாரம் அதைப் படிக்கச் சொல்லி நேரம் பார்ப்பேன். ஆரம்பத்தில் ஒரு பக்கம் முடிக்கத் திணறினாள். போகப்போகத் தடங்கலில்லாமல் வந்தது. அதை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். சித்தப்பா ஒரு வரி நிறையக் கைகூப்பி அனுப்பினார். பெங்களூரில் பிள்ளைகளுக்குத் தமிழே வராதாமே என்று கேட்ட மாமாவுக்குத் தனியாகவும் ஒரு முறை அனுப்பிவைத்தேன்.

கேக் வெட்டிய வாரத்து ஞாயிறு. இனியா படித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒரு போன் வந்தது. தொடர்ந்து படிக்கும்படி கையைக் காட்டிவிட்டுப் பேசினேன். அவள் குரல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி கவிதா காப்பி டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தவள், அப்படியே புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போனை வைத்ததும் சொன்னாள்:

"ஃபேன் காத்துல பக்கம் எப்பவோ திரும்பிடுச்சு. ஒட்டகத்தைப் பார்த்துக்கிட்டு அணில் கதை சொல்லிக்கிட்டிருக்கா உங்க பொண்ணு."

எட்டிப் பார்த்தேன். பாலைவனம், ஒட்டகம். இனியா கொய்யாப்பழத்தில் இருந்தாள்.

அவள் கொஞ்சமும் கலங்கவில்லை. "ஒவ்வொரு வாரமும் இதே பக்கத்தைத்தானேப்பா கேக்குறீங்க? ஞாபகத்துல இருக்கு. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?" என்றாள். ஒட்டகப் பாடத்தைப் படி என்றேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். "ஒ" தெரிந்தது. அடுத்து வந்த இரண்டு "ட"வையும் ஏதோ பழைய பகையாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள்மேல் வந்ததைவிட வெட்கம்தான் அதிகம். எல்லோருக்கும் வீடியோ அனுப்பியவன் நானல்லவா. ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று செல்வி அக்காவைக் கூப்பிட்டேன். என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஆரணியில் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தெரியும்டா," என்றாள். "வீடியோ பார்த்த அன்னிக்கே தெரியும். படிக்கிற புள்ளைக்குக் கண்ணு வரியோட கூடவே போவும். அவ கண்ணு ஒரே எடத்துல நிக்குது. நீ வாயை மட்டும் பார்த்துக்கினு இருந்திருக்க."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். நான் அவ்வளவு சந்தோஷமாக அனுப்பியிருந்தேனாம், அதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டாளாம். பிறகு கத்தரிக்காய் வாங்கப் போக வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

அக்கா சொன்னதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கண் நகரவில்லை. அலுவலகத்தில் அந்த நான்கு மடங்கு ஓடும்போது நான் எதைப் பார்த்தேன்? நேரத்தைப் பார்த்தேன். டிஸ்க் வேலை செய்கிறதா என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கவிதா சாப்பிடக் கூப்பிட்டாள். தட்டில் என்ன இருந்தது என்று இப்போது நினைவில்லை.

4

திங்கட்கிழமை முதல் வேலையாக இரண்டு எஞ்சினையும் ஓட்டினேன். இந்த முறை கடிகாரத்தைப் பார்க்காமல், டிஸ்க்கிலிருந்து எத்தனை முறை படிக்கப்படுகிறது என்று காட்டும் எண்ணை மட்டும் பார்த்தேன். பழைய எஞ்சின் ஓடும்போது அது ஏறிக்கொண்டே போனது. புதியது ஓடும்போது சும்மா கிடந்தது. குறைத்துக் கொடுத்த தரவு முழுவதும் நான் தாராளமாக ஒதுக்கிய மெமரிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கேட்டதையே கேட்டேன், ஒப்பித்ததையே ஒப்பித்தது. டிஸ்க்கைத் தொட்டது அந்த முதல் சுற்றில் மட்டும்தான். அதைத்தான் சூடேறும் நேரம் என்று வீசியெறிந்திருந்தேன்.

இரண்டு பக்கமும் ஒரே அளவு மெமரி, மெமரிக்கு அடங்காத தரவு, முதல் சுற்றும் கணக்கில் என்று வைத்து இரண்டு நாள் ஓட்டினேன். புதிதாக வருவதை எழுதிவைப்பதில் எங்கள் எஞ்சின் நன்றாகவே முந்தியது. பழைய பதிவுகளைத் தேடி எடுப்பதில் கொஞ்சம் பின்தங்கியது. அதாவது, நான் முதல் நாள் பார்த்து நம்ப மறுத்த அதே முடிவு. அந்தப் பரிசோதனை நிலையத்துக்காரர்களுக்கு வேண்டியிருந்ததோ பழையதைத் தேடி எடுப்பதுதான்.

புதன்கிழமை பிரகாஷிடம் சொன்னேன். அவர் மைசூர்க்காரர், நல்ல மனிதர். மேலிடத்தில் எல்லோரிடமும் நான்கு மடங்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். ஸ்லைடைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, எனக்காகவே பழகிக்கொண்ட தமிழில் சொன்னார்:

"ஸ்லைடு போயாச்சு, சேகர். கீழ சின்னதா ஒரு வரி போடலாம். 'மெமரியில் உள்ள தரவுக்கு மட்டும்'னு. பொய் இல்லதானே?"

பொய் இல்லைதான். நான் எதிர்த்துப் பேசினேன் என்று எழுத ஆசை. பேசவில்லை. அந்த வரியை நானே தட்டச்சு செய்தேன். அது கண்ணில் படுகிறதோ என்று தோன்றியதும் எழுத்தின் அளவை இன்னும் இரண்டு புள்ளி குறைத்ததும் நானே.

5

வியாழக்கிழமை வந்தவர்களில் முக்கியமானவர் சாரதா மேடம். ஐம்பது வயதிருக்கும், ஹாசன் பக்கத்துக்காரர். பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குழாய்க்குச் சீட்டு ஒட்டுவதில் தொடங்கி அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவியானவர் என்று பிரகாஷ் சொல்லியிருந்தார். பிரகாஷ் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனார். நான்கு மடங்கு வந்தது, கடந்து போனது. சின்ன வரியை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

முடிகிற நேரத்தில் சாரதா மேடம் என் பக்கம் திரும்பி, கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார். "ஹளே ரிப்போர்ட் ஹேகே?" பழைய ரிப்போர்ட் எப்படி என்று.

இங்கே என் கன்னடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்து, கடைசி மெய்யெழுத்தை உதறிவிட்டால் பாதி நேரம் அது கன்னடமாகிவிடும் என்பது என் அனுபவம். அந்த முறையை நம்பியே பன்னிரண்டு வருடம் காய்கறி வாங்கியிருக்கிறேன். எனக்கு உண்மையும் சொல்ல முடியாது, அப்பட்டமாகப் பொய் சொல்லவும் பயம். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது மழுப்பலாகச் சொல்ல வேண்டும். வேகம் என்று சொல்லாமல், பதறாமல் சீராகப் போகும், நிதானமாக இருக்கும் என்று சொல்லிவைப்போம் என்று நினைத்தேன். கடைசி எழுத்தை உதறினேன்.

"தும்ப நிதான, மேடம்," என்றேன்.

பிரகாஷ் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. சாரதா மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நிஜா ஹேளித்ரி," என்றார். உண்மையைச் சொன்னீர்கள் என்று அர்த்தம். இதுவரை வந்த கம்பெனிகள் எல்லாம் மின்னல் வேகம் என்றுதான் சொன்னார்களாம், தங்கள் எஞ்சின் மெதுவானது என்று வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் நான்தானாம்.

அப்போதுதான் பொறி தட்டியது. நம் நிதானம் வேறு, இவர்களுடைய நிதானம் வேறு. கன்னடத்தில் நிதானம் என்றால் மெதுவு. "ரொம்ப மெதுவு, மேடம்" என்று வாடிக்கையாளர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன்.

மன்னியுங்கள், தவறான சொல் என்று திருத்தலாம். ஆனால் எதைச் சொல்லித் திருத்துவது? மெதுவு இல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அது அசல் பொய். மழுப்ப வந்த இடத்தில் மழுப்ப வழியில்லாமல் போய்விட்டது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டேன். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், முதல் நாள் முடிவை நம்பாததிலிருந்து, மெமரி, தூக்கிப்போட்ட முதல் சுற்று, எழுத்தளவைக் குறைத்தது வரை எல்லாவற்றையும். புதிதாக வருவதை எழுதுவதில் முந்துகிறோம், பழைய ரிப்போர்ட்டை எடுப்பதில் எங்கள் பழைய எஞ்சினைவிடவே கொஞ்சம் பின்தங்குகிறோம் என்றேன். பிரகாஷ் குறுக்கே வரவில்லை. பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார் சாரதா மேடம். என் அக்கா என்றேன். அவரும் டேட்டாபேஸில் இருக்கிறாரா என்றார். ஒன்றாம் வகுப்பில் இருக்கிறார் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. உங்கள் எஞ்சினை எங்கள் இடத்துக்குக் கொண்டுவாருங்கள், எங்கள் பழைய ரிப்போர்ட்டுகளை வைத்துச் சோதியுங்கள், எதைத் தேட வேண்டும் என்று நான் சொல்கிறேன், நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றார். அவ்வளவுதான், எழுந்துவிட்டார்.

6

பிரகாஷ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீ குடிக்க வந்து நின்றார். மேலிடத்தில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதில் என் பெயரைச் சொல்லவில்லை என்று வேறொருவர் மூலம் தெரிந்தது. அதற்கு நன்றி சொல்லப் போனால் பேச்சை மாற்றினார்.

மூன்று வாரம் அவர்கள் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். மெமரியில் எதுவும் மிஞ்சாதபடி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் இயந்திரத்தை அணைத்துப் போடச் சொன்னார் சாரதா மேடம். மாவட்டங்களிலிருந்து அன்றன்று உண்மையாகவே கேட்டு வந்த சீட்டுகளைக் கொண்டுவந்து, அதிலிருந்து அவரே ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்தார். வந்த எண்களைத் திரையில் படித்துச் சொல்லும்போது என் குரல் இறங்குவதை நானே கேட்டேன். கடைசியில், புதிதாக வரும் ரிப்போர்ட்டுகளுக்கு மட்டும் எங்கள் எஞ்சின், பழையவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். எதிர்பார்த்ததில் பாதிதான். அலுவலகத்தில் பிரகாஷைத் தவிர மற்றவர்கள் என்னை முனுசாமி என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள், இப்போது அப்படி இல்லை. நிதான என்று கூப்பிடுகிறார்கள்.

சோதனை முடிந்த அன்று சாயங்காலம் வீட்டில் முழுக் கதையையும் சொன்னேன். கவிதா எழுத்தளவைக் குறைத்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். இனியா "தும்ப நிதான" வந்ததும் சோபாவிலிருந்து கீழே சரிந்து சிரித்தாள். சிரித்து முடித்து, "அப்போ தமிழ்ல நிதானம்னா என்னப்பா?" என்று கேட்டாள்.

சொல்லிப் பார்த்தேன். மெதுவு இல்லை, வேகமும் இல்லை. அவசரப்படாமல் பார்த்து, யோசித்துச் செய்வது. குடிக்காதவனையும் நிதானத்தில் இருக்கிறான் என்போம். ஆனால் குடிக்காதவர்கள் எல்லோரும் நிதானமாக இருந்துவிடுவதில்லை, உதாரணத்துக்கு உன் அப்பா. அவள் நோட்டை எடுத்து மும்முரமாக ஏதோ எழுதிக்கொண்டாள். இதுவரை நான் கேட்காமல் அவள் தமிழில் எதையும் எழுதியதில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன்.

பக்கம் முழுக்கக் கன்னட எழுத்து.

"தமிழ்தான்பா எழுதியிருக்கேன்," என்றாள். "இந்த லெட்டர்ஸ்ல எழுதினா எனக்கு பேகா வரும்." பேகா என்றால் கன்னடத்தில் சீக்கிரம்.

என்ன எழுதியிருக்கிறாய், படித்துக் காட்டு என்றேன்.

"எப்பவும் நானேதான் படிக்கிறேன். இன்னிக்கு நீங்க படிங்க."

பேசக் கற்றுக்கொண்டேனே தவிர, இந்த ஊர் எழுத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு எண் இருக்கிறது, கடைக்கு நிறம் இருக்கிறது, படிவம் என்றால் பக்கத்தில் யாராவது இருப்பார்கள், எப்படியோ ஓடிவிட்டது. இதை அவளிடம் நான் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாமலும் இருந்திருக்காது என்று அவள் நோட்டைக் கொடுத்த விதத்தில் தெரிந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வரியில் வைத்தேன். "நி" என்றேன். சரி என்று தலையசைத்தாள். இரண்டாவது எழுத்தில் நின்றேன். அவள் உதவி செய்யவில்லை. எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நோட்டைப் பார்க்காமல் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.